தமியா 1/48 எஃப்-16சிஜே: ஒட்ட எளிது, உழைப்பெல்லாம் வண்ணத்துக்கு

அமெரிக்க எஃப்-16 போர் விமானத்தின் 1/48 அளவு மாதிரியைப் பல நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. அவற்றுள் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்த எஃப்-16சிஜே பிளாக் 50 தொகுப்பை அண்மையில் முழுமையாகக் கட்டி, வண்ணம் பூசி முடித்தேன். பெட்டியைத் திறந்து பாகங்களைப் புரட்டிப் பார்த்த அளவிலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பிளாஸ்டிக்கின் தரத்தைச் சொல்லிவிடும். ஆனால் அந்த மாதிரி வண்ணத்தை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்ல இயலாது. ஜெட் விமான மாதிரியைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான கேள்வி என்பது என் கருத்து, ஏனெனில் முடிந்த மாதிரியைப் பார்ப்பவரின் கண் முதலில் நிலைப்பது அதன்மேல் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பூச்சில்தான். ஒட்டும் வேலையை விரைவாகவும் சுத்தமாகவும் முடிக்கவைத்து, மிச்சமாகும் நேரத்தையும் கவனத்தையும் வண்ண வேலைக்குத் தந்துவிடுகிறது என்பதே இந்தத் தொகுப்பின் உண்மையான சிறப்பு.

சிங்கப்பூரின் தெங்கா ஆகாயப் படைத் தளத்துக்கு அருகே, சுவா சூ காங்கிலோ ஜூரோங் வெஸ்ட்டிலோ குடியிருப்பவர்களுக்கு எஃப்-16 அறிமுகமே தேவைப்படாத விமானம். சிங்கப்பூர் 1985இல் முதல் எஃப்-16களுக்கு ஆணை கொடுத்தது. தேசிய தின அணிவகுப்பின்போது அவை தலைக்கு மேல் பறந்து செல்வதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆகவே இந்தப் பெட்டியைக் கடையில் கையில் எடுக்கும் நம்மவர்கள் பெரும்பாலோர், இறக்கையில் சிங்கத் தலைச் சின்னம் பொறித்த நம் ஆகாயப் படை விமானத்தைத்தான் மனத்தில் வைத்து எடுப்பார்கள். அவர்கள் பணம் கொடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பெட்டிக்குள் இருப்பது நம் விமானம் அன்று.

காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. எஃப்-16சி, டி வகைகளுக்கு இரண்டு நிறுவனங்கள் இயந்திரம் வழங்கின. பிளாக் 30, 40, 50 என்று பூச்சியத்தில் முடிபவற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்110. பிளாக் 32, 42, 52 என்று இரண்டில் முடிபவற்றில் பிராட் அண்ட் விட்னியின் எஃப்100. எஃப்110 அதிகக் காற்றை இழுக்கும் என்பதால் அதற்கென வயிற்றுப் பகுதியில் உள்ள காற்று வாயை அகலப்படுத்தினார்கள். பின்புற நாசிலின், அதாவது இயந்திரத்தின் வெப்பக் காற்று வெளியேறும் வாயின், இதழ்களும் இரண்டிலும் வேறுவேறு தோற்றம் உடையவை. நம் ஆகாயப் படையின் எஃப்-16சி, டி விமானங்கள் பிளாக் 52 வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இருப்பது பிராட் அண்ட் விட்னி இயந்திரமும் சிறிய காற்று வாயும். பிளாக் 50 மாதிரியில் சிங்கத் தலையை ஒட்டினால், விமானத்தை அறிந்தவர் அதை முன்பக்கத்திலிருந்து பார்த்த மாத்திரத்தில் பிழையைக் கண்டுகொள்வார்.

ஒற்றை இருக்கை கொண்ட நம் எஃப்-16சியைக் கட்ட விரும்புபவர்களுக்கு, தமியா நிறுவனமே பின்னர் வெளியிட்ட பிளாக் 25/32 பெட்டி நெருக்கமான தொடக்கமாக இருக்கும். அதில் சிறிய காற்று வாயும் உரிய நாசிலும் உண்டு. ஆயினும் பிளாக் 40 முதற்கொண்டு எடை கூடிய விமானத்தைத் தாங்கும் வகையில் தரையிறங்கு சக்கரங்கள் வலுப்படுத்தப்பட்டன, சக்கர அறைக் கதவுகள் சற்றுப் புடைத்தன, தரையிறங்கு விளக்குகளும் முன்சக்கரக் கதவுக்கு இடம்பெயர்ந்தன. பிளாக் 52 ஆக மாற்றுபவர் இந்த மூன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இரட்டை இருக்கை கொண்ட நம் எஃப்-16டியின் முதுகில், கனோப்பி எனப்படும் விமானி அறைக் கண்ணாடி மூடியிலிருந்து வால் வரை நீளும் தடித்த புடைப்பு இந்த ஒற்றை இருக்கைப் பெட்டிகள் எதிலும் கிடைக்காது. அதற்கு ஹாங்காங்கின் கினெட்டிக் நிறுவனம் வெளியிட்டுள்ள, முதுகுப் புடைப்போடு கூடிய இரட்டை இருக்கைத் தொகுப்புகளைத்தான் நாட வேண்டும். நான் பெட்டியில் உள்ளபடியே அமெரிக்க ஆகாயப் படை அடையாளங்களோடு கட்டினேன், ஏனெனில் பிளாக் 50 சிஜே தன்னளவில் தனிக் கதை உடைய விமானம். எதிரியின் வான்தற்காப்பு ரேடார்களைத் தேடி அழிக்கும் பணிக்காக அமைக்கப்பட்டது அது. அதற்குரிய ஏஜிஎம்-88 ஹார்ம் ஏவுகணைகளும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

விலை நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் அடங்கியது. உண்மையான விமானம் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் இறக்கை அகலமும் உடையது. 48இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 31 சென்டிமீட்டர் நீளம், 21 சென்டிமீட்டர் அகலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் புத்தக அலமாரித் தட்டில் குறுக்காக வைத்தாலும் இடிக்காத அளவு இது. நம்மில் பலருக்கு எந்த மாதிரியை வாங்குவது என்பதை உண்மையில் முடிவு செய்வது அலமாரியின் ஆழம்தான் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

கட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாகங்கள் இணையும் கோடுகள் பெரும்பாலும் உண்மை விமானத்தின் தகடுகள் சேரும் கோடுகளிலேயே அமைந்திருக்கின்றன. ஆகவே ஒட்டிய இடத்தைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அழிந்துபோன பேனல் கோடுகளை மீண்டும் கீறும் தொல்லை மிகக் குறைவு. பச்சை மூடி போட்ட புட்டியில் வரும் நீர்த்த பசையே இதற்குப் போதும். இரு பாகங்களையும் பசை இல்லாமல் முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் நுனியை இணைப்புக் கோட்டில் தொட்டால் பசை தானாகவே கோடு நெடுக ஓடிப் பரவும். விரல் அந்தக் கோட்டின்மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்வது மட்டுமே நம் வேலை. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒரே வெட்டில் ஒட்ட நறுக்காமல், முதலில் சற்றுத் தள்ளியும் பிறகு ஒட்டியும் இருமுறை வெட்டினால் பிளாஸ்டிக்கில் வெண்மை படராது. சாம்பல் நிறப் பூச்சின் அடியில் அந்த வெண்மை மறைந்துவிடும் என்றாலும், அழுத்தத்தால் ஏற்பட்ட குழிவு மறையாது.

விமானி அறை சிறியது. ஆனால் எஃப்-16 என்று அடையாளம் சொல்வதே அதுதான். விமானியின் இருக்கை 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கும், கட்டுப்பாட்டுக் கோல் கால்களுக்கு இடையே இல்லாமல் வலப்பக்கத் திட்டில் இருக்கும். பெரிய கனோப்பி வழியாக உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்பதால் இங்கே நேரம் செலவிடுவது வீண் போகாது. கருவிப் பலகையின் கருமையை முழுக் கறுப்பாக விடாமல் கொஞ்சம் சாம்பல் கலந்து பூசி, மேடான பொத்தான்களை மட்டும் உலர்ந்த தூரிகையில் எடுத்த வெளிர் சாம்பலால் வருடினால் அந்தச் சிறு பரப்பில் ஆழம் தெரியும். காற்று வாயின் உட்புறத்தையும் பூட்டுமுன்பே பூசிவிட வேண்டும். அதன் உள்சுவர் வெள்ளை. ஆனால் வெளிப்புறச் சாம்பல் நிறம் வாயின் உதட்டைத் தாண்டிச் சிறிது தூரம் உள்ளேயும் செல்லும். அந்த எல்லைக் கோட்டை நேராக எடுப்பது, வாயைப் பொருத்திய பிறகு எளிதில் நடக்கிற காரியம் அன்று.

கனோப்பியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எஃப்-16இன் கனோப்பி முன்புறச் சட்டமே இல்லாத ஒற்றைக் குமிழ். அடிப்பகுதியைவிடச் சற்று மேலே அது அதிகம் அகன்றிருக்கும். அத்தகைய வடிவத்தை மேலும் கீழுமாகத் திறக்கும் இரட்டை அச்சில் வார்த்தால் வெளியே எடுக்க முடியாது என்பதால், பக்கவாட்டில் விலகும் அச்சுகளைக் கொண்டு வார்க்கிறார்கள். அந்த அச்சுகள் சந்தித்த இடத்தில், முன்னிருந்து பின்னாக, நட்டநடுவே மயிரிழை போன்ற ஒரு மேடு நிற்கும். குமிழ் வடிவத்தைச் சரியாகக் கொண்டுவர முனையும் எந்த நிறுவனத்தின் தொகுப்பிலும் இதைக் காணலாம். இல்லாவிட்டால் வடிவம் தட்டையாகிவிடும். வடிவமா, கோடா என்று கேட்டால் நான் கோட்டையே ஏற்றுக்கொள்வேன், ஏனெனில் கோட்டை நீக்கிவிடலாம், தட்டையான வடிவத்தைத் திருத்த முடியாது.

நீக்கும் முறை இது. கோட்டின் இருபுறமும் சில மில்லிமீட்டர் மட்டும் திறந்திருக்கும்படி மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு, 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, கோட்டுக்குக் குறுக்காக மிக மெல்லத் தேய்க்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டாத நிலை வந்ததும் டேப்பை எடுத்துவிடலாம். இப்போது அந்த இடம் முழுவதும் பனி படர்ந்ததைப் போல மங்கியிருக்கும். முதன்முறை செய்பவர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எண்ணைப் படிப்படியாகக் கூட்டி, முன் தேய்ப்பின் கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இறுதியாகத் தமியாவின் தேய்ப்புப் பசையை, கரடு, நயம், மிக நயம் என்ற மூன்று வகையிலும் வரிசையாக மென்துணியில் எடுத்துத் தேய்த்தால், கனோப்பி வார்த்து வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாகிவிடும். விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தபோது ஒளிக்கீற்று நடுக்கோட்டைத் தடையின்றி வழுக்கிக் கடந்து போனது. இந்தக் கட்டுமானத்தில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த கணம் அதுதான். தேய்க்கும்போது கனோப்பியின் உட்புறத்தில் விரலை முட்டுக் கொடுக்க மறக்கக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் அழுத்தம் பட்டால் வெடிப்பு விடும், அந்த வெடிப்பைச் சரிசெய்ய வழியே கிடையாது.

இனி வண்ணம். இந்த வகை எஃப்-16க்குரியவை இரண்டு சாம்பல் நிறங்கள். முதுகிலும் இறக்கை மேற்பரப்பிலும் எஃப்எஸ் 36118 என்ற அடர் சாம்பல் (எஃப்எஸ் என்பது அமெரிக்க அரசின் நிறத் தர எண்). மூக்குப் பகுதியிலும் பக்கங்களிலும் வயிற்றிலும் எஃப்எஸ் 36270 என்ற நடுத்தரச் சாம்பல். விரைந்து உலரும் லாக்கர் வண்ணங்களின் மிஸ்டர் கலர் வரிசையில் இவை முறையே 305, 306 என்ற எண்களில் கலக்க வேண்டிய தேவையின்றிக் கிடைக்கின்றன. நான் அவற்றையே பயன்படுத்தினேன். எண்ணுக்கு எண் சரியான நிறம் என்றாலும் புட்டியில் உள்ளபடியே பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 15 மீட்டர் விமானத்தை நாம் எப்போதும் தொலைவிலிருந்தும் வெயிலிலும் பார்க்கிறோம்; இடையில் உள்ள காற்று அதன் நிறத்தை வெளிறச் செய்துவிடுகிறது. அதே நிறத்தை ஓரடி நீள மாதிரியில் பூசி வீட்டு விளக்கொளியில் வைத்தால் அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும், 36118 குறிப்பாக. சில துளி வெள்ளை கலந்து சற்று வெளிறச் செய்தபோதுதான் அது நான் சாங்கிக் கண்காட்சி மையத்தின் ஓடுதளத்தில் நின்றிருக்கக் கண்ட விமானங்களின் சாயலுக்கு வந்தது.

சிங்கப்பூரில் வண்ணம் பூசுபவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது நம் காற்றைத்தான். மழையில்லாத நாளிலும் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. லாக்கரின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பூசிய பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த அப்பரப்பில் காற்றிலுள்ள ஈரம் படிந்து, உலரும் பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. விளைவாகப் பளபளப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிய வெண்படலமாகிவிடும். சாம்பல் நிறத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. தெளிவார்னிஷ் பூசும் கட்டத்தில் அப்பட்டமாகத் தெரியும். இதைத் தவிர்க்கும் வழி, விரைந்து ஆவியாகும் மலிவான தின்னருக்குப் பதிலாக, உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்த லெவலிங் தின்னரைப் பயன்படுத்துவதும், மழை பெய்துகொண்டிருக்கும் வேளையில் தெளிவார்னிஷ் வேலையைத் தொடாமல் இருப்பதும்தான். படலம் விழுந்துவிட்டால் அதே தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவியில்) ஊற்றி, மென்மூட்டமாக மேலே தூவினால் பூச்சு இளகி, சிக்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். டிசம்பர் மாத மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல், பிற்பகல் வெயில் உறுதியாக இருக்கும் மாதங்களுக்குத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது.

இதே ஈரம் கம்பிரசருக்குள்ளும் போகிறது. அழுத்தப்பட்ட காற்று குழாயில் குளிரும்போது நீர்த்துளிகள் திரண்டு, பூசிக்கொண்டிருக்கும் இறக்கையின்மேல் துப்பிவிடும். கம்பிரசரோடு வரும் நீர்வடிகட்டி மட்டும் நம் ஊருக்குப் போதாது. ஏர்பிரஷ்ஷின் கைப்பிடியருகே இன்னொரு சிறு வடிகட்டியை மாட்டிக்கொள்வது அவசியம். இதற்குச் செலவாகும் சில வெள்ளியை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களின் நலனையும் இங்கே சொல்லியாக வேண்டும். லாக்கர் ஆவி உடம்புக்குக் கெடுதல். மருத்துவ முகக்கவசம் அதைத் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். ஆவியைச் சன்னல் வழியே வெளியேற்றும் உறிஞ்சு விசிறி உள்ள பூச்சுப் பெட்டியும் வேண்டும். புளோக்கின் பொது நடைவழியில் நின்று ஸ்பிரே அடிப்பது முறையன்று. அண்டை வீட்டாரின் குழந்தைகளும் முதியவர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். குளிர்சாதன அறையின் வறண்ட காற்று உலர்த்துவதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் அடைத்த அறையில் பூசுவது ஆபத்து. ஆகவே பூசுவது சன்னலோரம், ஆவி அடங்கிய பின் உலர்த்துவது குளிர்சாதன அறை என்று பிரித்துக்கொண்டேன். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பாகங்களில் வார்ப்பு எண்ணெய் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், பூசுமுன் மாதிரியைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பிறகு கறுப்பு பிரைமர், அதாவது அடிப்பூச்சு. அதன்மேல் நேரடியாகச் சாம்பலைப் பூசி மூடிவிடாமல், வெளிர் சாம்பலை மிக நீர்த்துக் கலந்து, ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் ஒழுங்கற்ற கொடிகளாகவும் புள்ளிகளாகவும் கிறுக்கினேன். இந்த நிலையில் மாதிரி பார்ப்பதற்கு அவலட்சணமாக இருக்கும். அதன்மேல் 36270ஐயும் 36118ஐயும் நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மெல்லிய படலம் மேல் படலமாகத் தூவினால் அடியிலுள்ள கிறுக்கல் மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் ஒரே நிறமும் அதற்குள் அரைகுறையாக அசையும் நிழல்களுமாக மாறும். எப்போது நிறுத்துவது என்பதுதான் இதில் திறமை. இன்னும் ஒரு படலம் வேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் தெளிவார்னிஷும், கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த கழுவு நிறமும் அந்த வேறுபாட்டை மேலும் குறைத்துவிடும்.

தமியாவின் பேனல் கோடுகள் பூச்சைத் தாங்கும் விதம் இங்கேதான் தெரிய வருகிறது. மெல்லியவை, ஆனால் ஆழமானவை. பிரைமர், கிறுக்கல், இரு சாம்பல், தெளிவார்னிஷ் என்று இத்தனை அடுக்குக்குப் பிறகும் ஒரு கோடுகூடத் தூர்ந்து போகவில்லை. மேலோட்டமாகக் கீறப்பட்ட மாதிரிகளில் இந்த முறையைக் கையாண்டால் கோடுகள் பாதி காணாமற்போகும்.

இரு சாம்பல்களும் சந்திக்கும் எல்லை உண்மை விமானத்தில் கத்தி வெட்டாக இருக்காது; சற்றே கலங்கி, அதே சமயம் இன்ன இடம் என்று சொல்லும்படியாகவும் இருக்கும். கையால் ஓட்டும் துணிவு உள்ளவர்கள் அப்படியே செய்யலாம். நான் களிமண் போலப் பிசையக்கூடிய ஒட்டும் பொருளைக் கயிறு போல உருட்டி, எல்லை நெடுக வளைத்து ஒட்டி, வெளிப்பகுதியை டேப்பால் மறைத்து, நேர் மேலிருந்து பூசினேன். கயிற்றின் உருட்சி காரணமாக விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மங்கல் கிடைத்தது; 1/48 அளவுக்கு அது பொருத்தமாக இருந்தது. கிடைவால்களை மாட்டாமல் தனியே பூசிக்கொண்டால் வால் பகுதியில் ஏர்பிரஷ் நுழையாத மூலை எதுவும் மிஞ்சாது.

டீக்கல், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலங்களின் வேலை நீண்டது. பராமரிப்புக் குறிப்புகளே ஏராளம், அவற்றில் பல அரிசியைவிடச் சிறியவை. சொரசொரப்பான பரப்பில் டீக்கலை வைத்தால் அடியில் காற்று தங்கி, ஒளியில் வெள்ளியாக மின்னும்; ஆகவே முதலில் பளபளப்புத் தெளிவார்னிஷ், அதன்மேல் டீக்கல், அதை இளக்கும் திரவம் என்ற வரிசையை மாற்றக் கூடாது. கூடுதல் அடையாளங்களுக்காக வேறொரு சிறு நிறுவனத்தின் டீக்கல் தாளை இணையத்தில் வாங்கினேன். அது மஞ்சள் பூத்து, நீரில் இட்டதும் துண்டு துண்டாகப் பிரிந்தது. பெட்டியோடு வந்த தாள் இளக்கும் திரவத்துக்கு நன்கு பணிந்து பேனல் கோடுகளுக்குள் அமர்ந்தது. அதையே கொண்டு முடித்தேன். வண்ணங்களையும் வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்க எண்ணுபவர்கள், எளிதில் தீப்பற்றும் லாக்கரை விமான அஞ்சலில் அனுப்ப முடியாது என்பதை நினைவில் கொண்டு, உள்ளூர்க் கடையிலேயே மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது.

பேனல் கோடுகளுக்கு அடர் சாம்பல் கழுவு நிறம் போதும். சாம்பல் விமானத்தில் முழுக் கறுப்பை ஓட்டினால் கட்டம் போட்ட தாளைப் போலாகிவிடும். எனாமல் வகைக் கழுவு நிறத்தின் தின்னர் பூசப்படாத பிளாஸ்டிக்கில் ஊறினால் அதை வெடிக்கச் செய்யும் என்பதால், சக்கர அறைகளிலும் மூலைகளிலும் தெளிவார்னிஷ் முழுமையாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். மிச்சத்தை முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையில் துடைத்தால், எஞ்சும் மெல்லிய அழுக்குக்கூட இயல்பாகத் தெரியும்.

நாசிலுக்கு வேறு விதமான கவனம் தேவை. வெளி இதழ்கள் வெந்த உலோக நிறம். உட்புறம் வெப்பம் தாங்கும் வெளிர் பூச்சு. பளபளப்புக் கறுப்பின்மேல் உலோக நிறத்தைத் தூவி, ஒவ்வோர் இதழுக்கும் சற்றே வேறுபட்ட சாயல் கிடைக்கும்படி சிலவற்றை மறைத்து மீண்டும் தூவினேன். உட்புற வெண்மையின்மேல் கரும்பழுப்பை உலர்ந்த தூரிகையால் பின்னிருந்து உள்நோக்கி இழுத்துவிட்டால் புகைக்கறை வந்துவிடும். மொத்த மாதிரியிலும் சாம்பல் அல்லாத நிறம் பெரும்பரப்பில் தெரிவது இங்கே மட்டும்தான் என்பதால் பார்ப்பவர்களின் கண் தானாகவே இங்கு வந்து நிற்கிறது.

ஏவுகணைகளைக் கடைசி நேர வேலையாக விட்டுவிடாதீர்கள். ஹார்மும், அம்ராம் என்ற வான்போர் ஏவுகணையும் மெல்லிய வண்ண வளையங்கள் சுற்றியவை. அந்த வளையங்களைப் பொறுமையாக எடுத்தால் சாம்பல் விமானத்தின் அடிப்பகுதி உயிர் பெறும்.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள் இந்தப் பெட்டியை வாங்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வாங்கலாம். இதே நிறுவனத்தின் ஏஎஸ்-27, ஏஎஸ்-28 ஸ்பிரே டப்பாக்கள் இந்த இரண்டு சாம்பல்களுக்குரியவை. டேப்பால் மறைத்து, திறந்த வெளியில் வெயில் நேரத்தில் அடித்தால் ஒழுங்கான பூச்சு கிடைக்கும். தகடுகளுக்குள் அசையும் அந்த நிழல் வேறுபாடு மட்டும் டப்பாவில் வராது. அதைக் கழுவு நிறத்தாலும் எண்ணெய் வண்ணத்தாலும் ஓரளவு ஈடுசெய்யலாம். ஏர்பிரஷ்ஷை இப்போதுதான் வாங்கியிருப்பவர்கள் தமியாவின் 1/72 எஃப்-16சிஜேயை முதலில் எடுத்து, கறுப்பின்மேல் கிறுக்கும் முறையை அதில் பழகிக்கொள்ளட்டும். இறக்கைகள் 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் ஒரு பிற்பகல் வெயிலுக்குள் இரு சாம்பல்களையும் பூசி முடித்துவிடலாம். பூச்சு சரிவரவில்லை என்றால் லாக்கர் தின்னரைத் தவிர்த்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத பூச்சுநீக்கியில் கழுவிவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.